சலவைக்காரி கொடுத்த பெயர்

தாயின் குடும்பப் பெயருக்கு மாற விண்ணப்பித்தால் ஒரு மாதம் யோசித்துவிட்டு, மறுபடி நேரில் வந்து உறுதி சொல்ல வேண்டும். வராவிட்டால் விண்ணப்பம் செல்லாது. பிரான்சின் நார்மண்டியில், அந்தச் சிற்றூர் அலுவலகத்தில் எழுத்தர் கிஸ்லேன் இதை மூன்று முறை சொல்லித்தான் சபீனை அனுப்பினாள்.

லெக்கூர் என்பது சபீனின் நான்காம் வயதில் வீட்டை விட்டுப் போன அப்பாவின் பெயர். கோர்பின், தனியாளாக அவளை வளர்த்த அம்மாவுடையது. நாற்பத்து மூன்று வயதில் பெயர் மாற்றுவது அம்மாமேல் உள்ள அன்பா, அப்பாமேல் உள்ள வஞ்சமா? பழைய கோபத்துக்கு அரசாங்க முத்திரை வாங்கப் பார்க்கிறேனோ என்று அவள் தன்னையே குடைந்துகொண்டிருந்தாள். அம்மா ஜோசெத்துக்கு அந்தக் குழப்பமெல்லாம் இல்லை.

"கோர்பின்ங்கிற பேரால எனக்கு ஒரு முட்டைகூடக் கெடச்சதில்ல. உனக்கு எதுக்குடி?"

மூன்றாம் வாரம், தன் வம்சத்தின் வேரைத் தேடி, அதே பெயருள்ள ஜோசெத்தின் வீட்டுக்கு ரோலண்ட் கோர்பின் வந்தார். இங்கிலாந்தில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அங்கே டெவன் பகுதியிலும் கனடாவிலும் சிதறிய கோர்பின்களை ஒரே தாளில் கோத்து வைத்திருந்தார். உச்சியில் ஓர் இடம் மட்டும் காலி. 1066-இல் இங்கிலாந்தைப் பிடிக்க நார்மண்டியிலிருந்து படையோடு கடல் தாண்டிய குதிரை வீரன் ஒருவனுக்காக அது காத்திருந்தது. பழைய பிரெஞ்சுக் கையெழுத்து அவருக்குப் பிடிபடாததால், தேவாலய ஞானஸ்நானப் பதிவேட்டைப் படித்துச் சொல்லச் சபீன் அவருடன் போனாள்.

இங்கிலாந்துக்குப் போன அவருடைய மூதாதை பியேர் அகப்பட்டான். தகப்பன்: தெரியாது. தாய்: மார்கெரித் கோர்பின், சலவைக்காரி.

ரோலண்ட் தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். ஜோசெத் அவரைச் சாப்பிட அழைத்து, தட்டில் ஆம்லெட்டை வைத்துக்கொண்டே சீண்டினாள்.

"குதிரைக்காரனத் தேடி வந்தீங்க, துணி தொவைக்கிறவ கெடச்சா."

அவர் சிரித்துவிட்டார். "அவ இல்லேன்னா எங்களுக்குப் பேரே இல்லீங்களே." அங்கேயே தாளை விரித்து, உச்சியில் மார்கெரித் என்று எழுதினார்.

சபீன் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போனவனைப் பழிவாங்கவா மார்கெரித் பிள்ளைக்குத் தன் பெயரை வைத்திருப்பாள்? கையில் இருந்ததைக் கொடுத்திருப்பாள், அவ்வளவுதான். அந்த நேரத்தில் அவனை நினைத்திருக்கக்கூட மாட்டாள்.

மாதம் முடிந்த அன்று கிஸ்லேன் கேட்டாள். "நல்லா யோசிச்சீங்களா?"

சபீனுக்கு அப்பாவின் முகம் ஒரு கணம் வந்தது. கோபம் கூட வரவில்லை. கையெழுத்திட்டாள்.

வாசலில் ஜோசெத் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நின்றாள். அழுதிருக்கிறாள் என்று கண் சொன்னது.

"என்ன கோர்பின் மேடம், போலாமா? எனக்குப் பசிக்குது."