வடிகட்டி குடித்த நீலம்

"இங்க வா. உன் ஆராய்ச்சி என் சட்டைல நடந்திருக்கு."

சனிக்கிழமை காலை, சலவை இயந்திரத்தின் முன்னால் என் கணவர் ஈரச் சட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ரயிலில் டிக்கெட் பரிசோதகர், வெள்ளைச் சட்டைதான் சீருடை. வீட்டிலும் டிக்கெட் கேட்காத குறைதான், யாரையும் சும்மா விடமாட்டார். சட்டையின் மார்பில் உள்ளங்கை அகலத்துக்கு நீலம். என் ஆய்வக அங்கியை அதோடு சேர்த்துப் போட்டவள் நான்தான். அங்கிப் பையைத் துழாவினால் நாலு வடிகட்டி வில்லைகள். சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியவை, ஊசிக்குழலின் முனையில் மாட்டித் தண்ணீரை வடிப்பதற்கானவை. முந்தின நாள் குப்பைக்கூடை நிரம்பி வழிந்ததால் பையில் போட்டு, அப்படியே மறந்துபோனேன்.

"டாக்டரம்மா, பட்டம் வாங்குறதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சட்டை வாங்கிக் குடுங்க" என்றார்.

நான் வில்லைகளை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தேன். நாலு வில்லைக்குள் இத்தனை நீலம் எங்கிருந்து வந்தது?

என் ஆராய்ச்சித் தூளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உலோக அயனிகளும் கரிம மூலக்கூறுகளும் மாறி மாறிக் கைகோத்து, கண்ணுக்குத் தெரியாத சல்லடையாக வளர்ந்த வெள்ளைத் தூள். அதன் துளைகளில் சாயம் போய் ஒட்டிக்கொள்ளும், சாயப்பட்டறைத் தண்ணீர் தெளியும். நீலச் சாயம் கலந்த தண்ணீரில் தூளைப் போட்டுக் குலுக்குவேன். பிறகு வடிகட்டித் தூளை நீக்கிவிட்டு, தண்ணீரில் மிச்சமிருக்கும் நிறத்தை அளப்பேன். நூறு பங்கு சாயத்தில் தொண்ணூற்றெட்டு காணாமல் போயிருக்கும். அந்தத் தொண்ணூற்றெட்டை வைத்து எழுதிய கட்டுரை அச்சுக்குத் தயாராக இருந்தது. அது வெளிவந்தால்தான் பட்டம். பள்ளிக்கூட ஆசிரியை வேலையை உதறிவிட்டு மாணவியாகப் போய் உட்கார்ந்தவளுக்கு இப்போது நாற்பத்தொரு வயது, பதிவுக் கெடு முடிய ஆறே வாரம். காணாமல் போன சாயத்தை விழுங்கியது தூளா, வடிகட்டியா?

அரைமணி நேரத்தில் ஆய்வகத்தில் இருந்தேன். தூளே போடாத நீலத் தண்ணீரை ஊசிக்குழலில் உறிஞ்சி, புது வடிகட்டி வழியாக மெதுவாகத் தள்ளினேன். குடிதண்ணீர் மாதிரி நிறமில்லாமல் சொட்டியது. அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன். முதல் வாரமே செய்திருக்க வேண்டிய சோதனை. கடையில் வாங்கிய வடிகட்டியை யார் சந்தேகப்படுவார்கள் என்று சப்பைக்கட்டு கட்டலாம்தான், ஆனால் வகுப்பில் பிள்ளைகளை நான் அப்படி விட்டதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடத்துக்குப் போன் செய்தேன்.

மேடம் என் ஆய்வு வழிகாட்டி. வந்தவர் கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே அந்தச் சோதனையைத் தன் கையால் ஒரு தடவை செய்து பார்த்தார்.

"திங்கக்கிழமை கடைசிப் படியை அனுப்பணும்" என்றார் பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. "எழுத்துப்பிழை மட்டும்தான் திருத்தச் சொல்லியிருக்காங்க."

"தொண்ணூத்தெட்டே பிழைதான் மேடம்."

"நிறுத்திட்டா உன் பட்டம்?"

"ஆறு வாரம் இருக்கு. நூத்திப் பன்னெண்டு அளவுதானே, திரும்ப எடுத்துடுறேன்."

"உன் தூள் எதையுமே பிடிக்கலேன்னா?"

"பிடிக்குது மேடம். வெள்ளையாப் போட்டது கருநீலமா வெளிய வருது. ரெண்டு வருஷமா அதக் கழுவுறவ நான், எனக்குத் தெரியாதா?"

தைரியமாகத்தான் சொன்னேன். எவ்வளவு பிடிக்கிறது என்பது எனக்கும் தெரியாது.

வடிகட்டியே வேண்டாம் என்று, குலுக்கிய குழாய்களைச் சுழற்றும் இயந்திரத்தில் வைத்தேன். பத்து நிமிஷம் சுற்றினால் தூள் தானாக அடியில் படிந்துவிடும். அந்தப் பத்து நிமிஷமும் நாங்கள் இரண்டு பேரும் மூடியையே பார்த்துக்கொண்டு நின்றோம். எடுத்தபோது மேல்தண்ணீர் வெளிறிய நீலமாக இருந்தது. அளந்தேன். நூறில் அறுபத்து நாலைத் தூள் பிடித்திருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், தொண்ணூற்றெட்டு வந்த நாளில்கூட எனக்கு இத்தனை சந்தோஷம் இல்லை. இந்த அறுபத்து நாலில் வடிகட்டிக்குப் பங்கு கிடையாது.

"இத யாரும்மா அச்சடிப்பாங்க?" என்றார் மேடம். ஆனால் மடிக்கணினியைத் திறந்து, கட்டுரையை நிறுத்தி வைக்கும்படி இதழுக்குக் கடிதம் அடிக்க ஆரம்பித்துவிட்டார். விசைகளைக் கொஞ்சம் ஓங்கித்தான் தட்டினார். அனுப்பியபின் மடிக்கணினியின் மூடியில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பிடிச்சத விடுதான்னு பாத்துடலாம் மேடம்."

மேல்தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழாயில் புதுத் தண்ணீர் நிறைத்து, கை வலிக்கும்வரை குலுக்கினேன். மறுபடி சுழற்றினேன். மேடம் எழுந்து வந்து பக்கத்தில் நின்றார். குழாயை எடுத்து வெள்ளைத் தொட்டியின் மேல் தலைகீழாகக் கவிழ்த்தேன். தண்ணீர் மொத்தமும் நிறமில்லாமல் விழுந்து ஓடியது. அடியில் கருநீலம் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. மேடம் குழாயை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு தடவை கவிழ்த்து, விரலால் சுண்டினார். ஒரு துளி நீலமும் உதிரவில்லை.