மின்னல் தகடு

ஹில்டாவின் கை நடுங்கி யாரும் பார்த்ததில்லை. அறுபத்திரண்டு வயதிலும், ஒரு சாணைவிடச் சற்று நீளமான மாதிரி ரயில் பெட்டியின் பக்கவாட்டில், தலைமுடி கனத்தில் மஞ்சள் கோடு, அதை ஒட்டிக் கறுப்புக் கோடு, மறுபடி மஞ்சள் என்று ஒரே மூச்சில் இழுத்துவிடுவாள். கோடு முடிந்த பிறகுதான் மூச்சு வெளியே வரும். கீத்லி ஊர் ரயில் சங்கத்தில் முப்பத்தோரு ஆண்பிள்ளைகள் இருந்தார்கள். கோடு போட வேண்டும் என்றால் முப்பத்தோரு பேரும் பெட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டு வாசலுக்குத்தான் வருவார்கள். பொம்மை ரயில் என்று யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவருக்கு அன்று டீ கிடையாது.

அவள் கணவன் வில்ஃப் பற்றவைக்கிறவன். தட்டையான அட்டைப்பெட்டியில் பித்தளைத் தகடாகவும் வெள்ளீய வார்ப்புத் துண்டுகளாகவும் வருவதை, மாதக்கணக்கில் உட்கார்ந்து வண்டியாக்குவான். பித்தளையை ஒட்டுகிற சூட்டோடு வெள்ளீயத்தைத் தொட்டால் புகைபோக்கி கண்ணெதிரே குழம்பாகிவிடும். வில்ஃபுக்கு நாற்பது வருஷத்தில் ஒன்றுகூடக் குழம்பானதில்லை. படிக்கட்டில் எத்தனை ஆணி, கூரையில் காற்றுப் போக எத்தனை குமிழ், கைப்பிடி வளைவு இடப்பக்கமா வலப்பக்கமா, எல்லாம் புகைப்படத்தைப் பார்த்து எண்ணித்தான் வைப்பான். புகைப்படத்தில் இல்லாததை வைக்கமாட்டான். இருப்பதை விடமாட்டான். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம், எண்பத்தேழில், மார்ச் மாதம் ஒரு புகைப்படம் தபாலில் வந்தது. பெட்டியின் ஒரு பக்கத்துக்குத்தான் வரைபடம் கிடைத்திருந்தது. மறுபக்கம் தெரிய வேண்டும் என்று பழைய ரயில் படங்கள் விற்கிற ஒருவருக்கு வில்ஃப் எழுதிக் கேட்டிருந்தான். பெரிய படம். கார்லைல் நிலையத்து நடைமேடை, கறுப்பு எஞ்சினின் பின்பாதி, அதன் பின்னே கரியும் தண்ணீரும் சுமக்கும் தொட்டிவண்டி, அதற்கடுத்து அவர்களுக்கு வேண்டிய பெட்டி. படத்தின் பின்னால் பென்சிலில் ‘கார்லைல், 1957’ என்று இருந்தது.

கூரைக் குமிழ்களை எண்ணுவதற்காக ஹில்டா உருப்பெருக்கியை வைத்தாள். மூன்று எண்ணினாள். நாலாவது குமிழுக்கு நேர் கீழே இருந்த ஜன்னலில் பாசிப்பயறு அளவில் ஒரு முகம். இரண்டு விரலால் காது மடலை இழுத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.

ஹில்டா உருப்பெருக்கியைக் கீழே வைத்தாள். மறுபடி எடுத்தாள்.

மேவிஸ், அவளுடைய தங்கை. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து காதை இழுத்துக்கொண்டே யோசிக்கிறவள்.

மேவிஸ் கதை ஊருக்கே தெரியும். சர்ச் பாட்டுக்குழுவில் முன்வரிசையில் நின்று பாடிய ஹெர்பெர்ட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஐம்பத்தொன்பது செப்டம்பரில் ஒரு மாலை, கையில் சின்னப் பெட்டியோடு ஹில்டாவின் வாசலில் வந்து நின்றாள். உதடு வீங்கியிருந்தது. இரண்டு நாள் படுக்க இடம் கேட்டாள். அப்போது ஹில்டாவுக்கு ஒற்றை அறை வீடு. வில்ஃப் இரவு வேலைக்குப் போயிருந்தான். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், பொறுத்துக்கொள், திரும்பிப் போ என்று ஹில்டா சொன்னாள். தெருமுனை வரை கூடப்போய்ப் பஸ்ஸும் ஏற்றிவிட்டாள். அக்டோபர் முதல் வாரத்தில் மோர்கம் கடற்கரையில், அலை ஏறுகிற சகதி மணலின் ஓரமாக, மேவிஸின் கோட்டும் காலணிகளும் அடுக்கி வைத்தாற்போல் கிடைத்தன. ஆள் கிடைக்கவில்லை. அந்த மணல் இழுத்தால் கிடைக்கிற வழக்கமில்லை என்றார்கள்.

மேவிஸின் படங்களை எல்லாம் ஹெர்பெர்ட் கொளுத்திவிட்டான். இருபத்தெட்டு வருஷமாக ஹில்டாவிடம் தங்கையின் ஒரு படம்கூட இல்லை. பஸ் ஏற்றிவிட்ட கை மட்டும் இருந்தது. அந்தக் கையால்தான் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

அதனால் மார்ச் மாதத்தில் அவளுக்கு வந்த அழுகை சந்தோஷமா துக்கமா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை. ஐம்பத்தேழில் ஆலைப் பெண்களோடு மேவிஸ் ஸ்காட்லாந்துக்குச் சுற்றுலா போனாளே, அப்போது எடுத்ததாக இருக்கும் என்று அவளே கணக்கு வைத்துக்கொண்டாள். ஜன்னல் கண்ணாடியில் ஒட்டியிருந்த தாளில் ‘ஸ்ட்ரான்ரேர் துறைமுகம்’ என்று இருந்ததும் அதற்குப் பொருந்தியது. மேவிஸ் போட்டிருந்த அகலக் காலர் கோட்டுதான் அவளுக்குப் பழக்கமில்லாததாக இருந்தது. யாரிடமாவது இரவல் வாங்கியிருப்பாள்.

அன்றைக்கே வில்ஃபிடம் ஒன்று கேட்டாள். தொட்டிவண்டியின் பின்புறம், ஏணிக்குப் பக்கத்தில், குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. வில்ஃப் படத்தை வாங்கி உருப்பெருக்கி வைத்து நெடுநேரம் பார்த்தான். டீ ஆறிப்போகும் வரை பார்த்தான்.

“தூசி. படம் கழுவறப்போ விழுந்திருக்கும்” என்றான்.

வில்ஃப் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வேறு வண்டி வேண்டாம், இந்த வண்டியையே, மேவிஸ் போன இந்த வண்டியையே செய்துவிடலாம் என்று ஹில்டா சொன்னாள். ஏழு மாதம் ஆனது. நாலாவது குமிழுக்குக் கீழே இருந்த ஜன்னலில் நெல்மணி அளவில் ஒரு பெண்ணைச் செதுக்கி வைத்தாள். கோட்டுக்குப் பச்சை பூசினாள். மேவிஸுக்குப் பிடித்த நிறம்.

அக்டோபரில் சர்ச் கூடத்தில் கண்காட்சி, வருஷா வருஷம் பத்திரிகையில் படம் வருகிறது. சனிக்கிழமை காலையிலேயே கூட்டம் நெரிந்தது. ஈரக் கோட்டு வாசமும் இஞ்சிக் கேக் வாசமும் கலந்து கிடந்தன. சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தோமோ அந்தப் படத்தை வண்டிக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும், பார்க்கிறவர்கள் ஒப்பிட்டுக்கொள்வதற்காக. வில்ஃப் படத்தை வீட்டில் மறந்துவிட்டதாகச் சொன்னான். ஹில்டா தன் கைப்பையிலிருந்து எடுத்து வைத்தாள். சட்டம் போட்டு, கீழே ‘கார்லைல், 1957’ என்று அட்டையும் எழுதி வைத்தாள். ஜன்னலில் இருப்பவள் தன் தங்கை என்று வந்தவர்கள் எல்லோரிடமும் சொன்னாள்.

பதினோரு மணிக்கு ஓர்மராட் வந்தார். சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சங்கத்தில் அவருக்கு ஆணி எண்ணி என்று பட்டப்பெயர். சட்டைப் பையிலிருந்து கண்ணில் மாட்டுகிற உருப்பெருக்கியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தார் என்றால் கூடத்தில் பாதிப் பேர் தங்கள் வண்டியை மறைத்துக்கொண்டு நிற்பார்கள். வில்ஃப் செய்த வண்டியில் ஒரு குறை கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது அவருக்குப் பதினைந்து வருஷத்து ஆசை.

குனிந்தார். எண்ணினார். படத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

“வில்ஃப், கோட்டை விட்டியேப்பா.”

வில்ஃப் கோட்டுப் பைக்குள் கையை விட்டான். ஹில்டாதான் சிரித்துக்கொண்டு, என்ன, ஒரு ஆணி குறையுதா என்று கேட்டாள்.

“ஆணியா? மின்னலையே காணோம்மா. இதோ பாரு, தொட்டிக்குப் பின்னால, ஏணி ஓரத்துல. வெள்ளைத் தகடு, அதுல செவப்பு மின்னல். படத்துல பளிச்சுன்னு இருக்கு, உங்க வண்டில இல்ல.”

அது தூசி என்றாள் ஹில்டா.

“தூசி எங்கயாச்சும் சதுரமா விழுமா? நீயே பாரு.” உருப்பெருக்கியைக் கண்ணிலிருந்து கழற்றி அவளிடம் கொடுத்தார். “மேல கரண்டு கம்பி வருது, கரி தள்ள ஏறுறவன் கையத் தூக்கிடாதேன்னு எச்சரிக்கை. நானே எத்தனை எஞ்சின்ல பாத்திருக்கேன். அப்புறம் இன்னொண்ணு. அட்டைல அம்பத்தேழுன்னு போட்டிருக்கே, அதுவும் தப்பு. அறுபதுக்கு முன்னால ஒரு எஞ்சின்லயும் இந்தத் தகடு கெடையாது. ஒண்ணுலகூட.”

அவருக்குப் பின்னால் நின்ற இருவர் சிரித்தார்கள். வில்ஃபே சறுக்கிவிட்டானா என்று ஒருவர் பக்கத்து மேசைக்குச் சொல்லப் போனார்.

ஹில்டா உருப்பெருக்கி வழியாகப் பார்த்தாள். சதுரம்தான். சதுரத்துக்குள் கோணலாக ஒரு கோடும் இருந்தது. அந்த ஒரு கோடு போதும், அவளுக்குக் கோடு தெரியாதா.

“அறுபதுக்கு முன்னால இல்லவே இல்லியா?”

“நிச்சயமா இல்ல.”

“யாராவது முன்கூட்டியே மாட்டியிருக்கலாமில்ல?”

“இல்லம்மா. உத்தரவே அப்புறந்தான் வந்துச்சு. ஏன், அதனால என்ன, தகடு ஒட்டிட்டா ஆச்சு. அட்டைய மாத்து” என்றவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் மேவிஸ் கதை தெரியும். கணக்கு அவர் தலைக்குள்ளும் ஓடி முடிந்திருக்க வேண்டும்.

ஐம்பத்தொன்பது அக்டோபரில் சகதி விழுங்கியவள், அறுபதுக்கு அப்புறம் கார்லைல் நிலையத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்து காதை இழுத்துக்கொண்டிருந்தாள்.

வேறு யாராகவாவது இருக்கலாமே என்று ஒரு நொடி ஹில்டாவுக்குத் தோன்றியது. உருப்பெருக்கியை ஜன்னலுக்கு நகர்த்தினாள். அந்த இரண்டு விரல். அந்தத் தாடை. யாரிடமும் இரவல் வாங்காத புதுக் கோட்டு. பழைய கோட்டுதான் மணலில் கிடந்ததே. துறைமுகத்துக்குப் போகும் வண்டி. அங்கிருந்து அயர்லாந்துக்குப் படகு.

கூடத்துச் சத்தமெல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் கேட்டது. யாரோ கேக் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் கொல்லவில்லை என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதற்குப் பின்னாலேயே, அப்படியென்றால் இருபத்தெட்டு வருஷம் எங்கே இருந்தாள் என்று இன்னொரு குரல் வந்தது.

அதற்குப் பிறகுதான் அவளுக்கு அடுத்தது உறைத்தது. இருப்பதை விடாதவன் வில்ஃப். தூசிக்கும் தகடுக்கும் வித்தியாசம் தெரியாதவனா?

திரும்பினாள். வில்ஃப் மேசைக்கு அந்தப் பக்கம், கோட்டுப் பைக்குள் கையை விட்டபடி நின்றுகொண்டிருந்தான். அவளைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“உனக்குத் தெரியும்” என்றாள்.

அவன் தலையசைத்தான்.

“எப்போலேர்ந்து?”

“மார்ச்லேர்ந்து. நீ தூசியான்னு கேட்டியே, அன்னிக்கு.”

“அதுக்கு முன்னாடி?”

“சத்தியமா தெரியாது, ஹில்டா. தகடைப் பாத்தப்புறந்தான்.”

“ஏழு மாசம் என் எதிர்ல உக்காந்து சாப்பிட்டிருக்கே. நான் அவ கோட்டுக்குப் பச்சை பூசறதப் பாத்துக்கிட்டு இருந்திருக்கே.”

வில்ஃப் அதிகம் பேசுகிறவன் இல்லை. சொல்லப்போனால், வந்தவர்கள் முன்னால் அவன் வாயிலிருந்து இவ்வளவு வார்த்தை வந்து யாரும் கேட்டதில்லை.

“மேவிஸ் செத்துப் போயிட்டாள்னு அழுதே. அதுகூட ஒரு மாதிரி ஆறிப்போச்சு. அவ உயிரோட இருந்தும், உனக்கு ஒரு வரி எழுதிப் போடலேன்னு நான் எந்த வாயால சொல்வேன்? ஒரே ஆள உனக்கு ரெண்டாந்தடவ பறிகொடுக்க வைக்கணுமா? எத்தனையோ நாள் சொல்ல வந்தேன். நீ கோடு போட்டுக்கிட்டு இருப்ப. மூச்சு புடிச்சுக்கிட்டு இருப்ப.”

அடித்துவிடலாம் போலிருந்தது அவளுக்கு. அவனையா, மேவிஸையா, தெருமுனை வரை போய்ப் பஸ் ஏற்றிவிட்ட அந்த முப்பத்து நாலு வயதுக்காரியையா என்று தெரியவில்லை. மேவிஸ் ஏன் எழுதவில்லை என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. எழுதினால் அக்காக்காரி என்ன செய்வாள்? முகவரியை ஹெர்பெர்ட்டிடம் கொடுத்து, போய்க் கூட்டிக்கொண்டு வா என்றிருப்பாள். அன்றைய ஹில்டா கட்டாயம் கொடுத்திருப்பாள். அதை மேவிஸ் சரியாகத்தான் தெரிந்துவைத்திருந்தாள். ஹெர்பெர்ட் செத்தே ஒன்பது வருஷம் ஆகிறது. அது மட்டும் மேவிஸுக்குத் தெரிய வழியில்லை.

“பையில என்ன வச்சிருக்கே?” என்றாள்.

வில்ஃப் தயங்கிவிட்டு ஒரு புகையிலை டப்பாவை எடுத்துக் கொடுத்தான். திறந்தாள். பஞ்சின்மேல் ஆறு தகடுகள். கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளைச் சதுரம், ஒவ்வொன்றிலும் செவ்வண்ண மின்னல். மார்ச்சிலேயே வெட்டித் தயாராக்கி வைத்திருக்கிறான். ஒட்டவும் மனம் வரவில்லை, தூர எறியவும் மனம் வரவில்லை. ஏழு மாதம் பையில் சுமந்திருக்கிறான்.

இடுக்கியைக் கேட்டாள். வார்னிஷ் கேட்டாள். ஓர்மராட் ஓடிப்போய் இரண்டையும் எடுத்து வந்தார். யாரும் சொல்லாமலே கூட்டம் அரை அடி பின்னால் நகர்ந்தது.

ஹில்டா குனிந்து மூச்சைப் பிடித்தாள். தொட்டிவண்டியின் பின்புறத்தில், ஏணிக்குப் பக்கத்தில், ஒரு தகட்டை வைத்தாள். முப்பத்தோரு பேரில் முக்கால்வாசிப் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்: அவள் கை நடுங்கியது. தகடு ஒரு ஓரம் தூக்கலாக, கோணலாக ஒட்டிக்கொண்டது. ஓர்மராட் உருப்பெருக்கியைத் திரும்ப எடுத்துக் கண்ணில் மாட்டியிருந்தார். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

“சரியா எந்த வருஷம்?” என்று அவரிடம் கேட்டாள்.

“அது எனக்குத் தெரியாதும்மா” என்றார். அவர் அப்படிச் சொல்லி அந்தக் கூடம் கேட்டதில்லை.

ஹில்டா அட்டையை எடுத்துத் திருப்பி, வெற்றுப் பக்கத்தை வில்ஃபிடம் நீட்டினாள். அவனை இன்னும் முகத்தோடு முகம் பார்க்கவில்லை. தன் கை இனி எழுதுகிற நிலையில் இல்லை, நீ எழுது என்று மட்டும் சொன்னாள். என்ன எழுத என்று அவன் கேட்டான்.

அவள் நாலாவது குமிழையும் அதன் கீழே இருந்த ஜன்னலையும் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“கார்லைல். அறுபதுக்குப் பிறகு. மூணாவது வரில போடு, ஜன்னல்ல மேவிஸ்னு. கீழ நம்ம வீட்டு முகவரி. பத்திரிகைக்காரங்க படம் புடிக்க வருவாங்கல்ல, அட்டையும் சேந்து விழணும்.”