இரண்டாவதாகக் காட்டிய பம்ப்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் காரின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் மல்லாந்து கிடந்தபோது என் இடது காதுக்குள் சோப்புத் தண்ணீர் போயிற்று. கதையும் அதோடுதான் உள்ளே போயிருக்க வேண்டும்.

இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: "கண்ணாடி அழுதுகொண்டிருந்தது, ஆனால்..."

அழவில்லை. அதுதான் பிரச்சினையே. முன்கண்ணாடியைக் கழுவத் தண்ணீர் பீச்சும் பம்ப் செத்துப்போயிருந்தது.

அடுத்த முயற்சி: "மனித உறவுகளும் ஒரு விதத்தில் பம்ப்..." இதுவரை படித்த என் மனைவி, பேனாவுக்கு மூடி போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போனாள்.

2

ஜவுளிக்கடையில் சரக்கை விரிக்காமல் பேசிக்கொண்டே இருந்தால் வந்தவர் எழுந்து போய்விடுவார். எனவே விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்காவுக்குத் திங்கட்கிழமை காலை டிரைவிங் டெஸ்ட். என் காரில். மூன்றாவது தடவை. அக்கா நர்ஸ், வயது ஐம்பத்தொன்று. இருபத்தாறு வருஷம் வார்டில் நின்ற கால்கள் இனி நிற்க முடியாது என்று மனு கொடுத்துவிட்டன. வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் வேலை ஒன்று கிடைத்திருந்தது. அந்த வாரமே லைசென்ஸைக் காட்டினால் அவளுக்கு, இல்லாவிட்டால் வரிசையில் அடுத்து நிற்பவளுக்கு.

டெஸ்ட் எடுக்கும் அதிகாரி, வண்டியைக் கிளப்பச் சொல்லும் முன்பே விளக்கு, ஹாரன், வைப்பர், தண்ணீர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டச் சொல்வார். ஒன்று மக்கர் செய்தாலும் வண்டியைத் திருப்பிக்கொண்டு வர வேண்டியதுதான்.

(முதல் பிரதியில் அக்காவைக் கொஞ்சம் பயந்த சுபாவமாக எழுதியிருந்தேன், வாசகர் இரக்கப்படட்டுமே என்று. ஆறடி ஆசாமிகளையே "கையை நீட்டுங்க, கதை வேண்டாம்" என்று அடக்கி ஊசி போடுகிறவள் அவள். பயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.)

3

சனிக்கிழமை சாயங்காலம் உதிரிபாகக் கடைக்குப் போனேன். வண்டியின் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் ஒரு பம்ப்பை எடுத்து மேசையில் வைத்தார்.

வேறு இருக்கிறதா என்று கேட்டேன்.

எங்கள் பரம்பரையே ஜவுளி வியாபாரம். கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது அவர் தள்ளிவிட நினைக்கும் சரக்கு என்பது எங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே தெரியும். முதல் புடவையை நாங்கள் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டோம். அது பம்ப்புக்கும் பொருந்துமா என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

உங்கள் வண்டிக்கு இதுதான் என்றார் அவர். எல்லாரிடமும் இப்படித்தானே சொல்வீர்கள் என்று சிரித்தேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொன்றைக் கொண்டுவந்தார். கனமாக, பளபளவென்று இருந்தது. அதற்கு ஒரு வாய் அல்ல, இரண்டு.* காரியத்தைச் சாதித்த முகத்தோடு வீடு திரும்பினேன்.

* இரண்டு வாய் பம்ப், பின்கண்ணாடிக்கும் தண்ணீர் பீச்சும் வண்டிகளுக்கானது. என் வண்டிக்குப் பின்னால் பீச்சுவதற்கு ஒன்றுமில்லை. இதைக் கடைக்காரர் சொல்லத்தான் செய்தார். நான் அதை வியாபாரப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன்.

4

சக்கரத்தை ஒருபக்கமாகத் திருப்பி, உள்ளே மூடியிருந்த பிளாஸ்டிக் தகட்டை விலக்கினால் தண்ணீர்த் தொட்டி தெரியும். அதன் அடியில் ஒரு ரப்பர் வளையத்தில் பம்ப் செருகியிருக்கும். இழுத்தேன். தொட்டியில் மிச்சமிருந்ததெல்லாம் என் காதுக்கு வந்தது அப்போதுதான்.

புது பம்ப் வளையத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஒரு வாயில் வண்டியின் குழாயை மாட்டினேன். மற்றதில் ஒரு துண்டுக் குழாயைச் செருகி, மடித்து, நூலால் கட்டினேன். தொட்டியை நிரப்பிவிட்டு, ஓட்டுநர் இருக்கையில் இருந்த அக்காவிடம் வைப்பர் லீவரை இழுக்கச் சொன்னேன்.

"என்னடா, சத்தம் வருது, தண்ணி வரலயே?"

"வருதுக்கா. எனக்கு வருது."

நூல் அறுந்து மொத்தமும் என் முகத்தில். அக்கா இறங்கி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது. எதற்கு இரண்டு வாய் என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன்.

"மொதல்ல காட்டினத வேண்டாம்னுட்டியா?"

"ம்."

"நானும் அதத்தான்டா செஞ்சிருப்பேன்," என்றாள்.

பிறகு நோயாளியைப் பார்ப்பதுபோல் பம்ப்பைப் பார்த்தாள். தண்ணீர் இந்த வாயில்தான் வருகிறதென்றால் குழாயை இதற்கு மாற்று, அதை அடை என்றாள். கைப்பையிலிருந்து பிளாஸ்திரி எடுத்து, மடித்த துண்டை அவளே நாலு சுற்றுச் சுற்றினாள். இந்தத் தடவை கண்ணாடியில் இரண்டு தாரைகள் எழும்பின. ஒன்று கூரையைத் தாண்டிப் போனது. தண்ணீர் பீச்சும் முனையை ஊசியால் திருப்பிச் சரிசெய்தோம்.

பிளாஸ்திரியின் ஓரத்தில் ஒரு சொட்டு தேங்கி நின்றது. விழவில்லை. போகவும் இல்லை.

5

முடிவுகள் மூன்று எழுதினேன்.

அ. பிளாஸ்திரி தாங்குகிறது. அக்கா பாஸ்.

ஆ. பிளாஸ்திரி அவிழ்கிறது. அதிகாரி உதட்டைப் பிதுக்குகிறார். அக்கா...

இ. அதிகாரி தண்ணீரைப் பற்றிக் கேட்கவே மறந்துவிடுகிறார். (எழுதுகிறவன் தப்பித்துக்கொள்ளும் வழி. ஆனாலும் நன்றாக இருந்தது.)

டெஸ்ட் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. அக்கா வீட்டு அடுப்படியில் நின்றுகொண்டு மூன்றையும் படித்துக் காட்டினேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"மூணையும் அடிச்சுடு."

ஏன் என்றேன்.

"ஒண்ணுல உன் பம்ப்பால நான் பாஸ். இன்னொண்ணுல உன் பம்ப்பால ஃபெயில். அடுத்ததுல அந்த ஆளோட மறதியால பாஸ். உள்ள வண்டி ஓட்டினது யாருடா?"

பேரம் பேசாமல் பேனாவின் மூடியைத் திறந்தேன். வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு இது அடிக்கடி நடப்பதில்லை.

6

அடித்துவிட்டேன்.

எனக்கு முடிவு தெரியும். சொல்ல எனக்கு உரிமை இல்லை. நான் பார்த்தது இவ்வளவுதான். அக்கா பின்னால் பார்க்கும் கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பினாள், இண்டிகேட்டர் போட்டாள், டெஸ்ட் மைதானத்துக்குள் வளைந்தாள். காவலாளி கேட்டைச் சாத்தினார். நான் வெளியே, கேட்டுக்கு இந்தப் பக்கம்.

மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். மழை வேண்டுமா, பெய்யட்டும். அதிகாரி சிடுமூஞ்சியா, இருந்துவிட்டுப் போகட்டும். பம்ப்பை மட்டும் தொடாதீர்கள். அவள் ஓட்டுவதை எழுதுங்கள்.