எல்லோருக்கும் ஒரே குரல்

“அவங்களை நான் ஒரு நாளும் அம்மான்னு நினைச்சதில்ல. அழும் முகம்.”

பையைக் கீழே வைக்கக் குனிந்த மகள் அப்படியே நின்றுவிட்டாள். அம்மாவின் அறைக்குள்ளிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். ஏற்ற இறக்கமே இல்லாத பேச்சு. மனுஷி என்றால் நடுவில் ஒரு மூச்சாவது வாங்குவாள், இவள் அதையும் வாங்கவில்லை. “கடையில வாங்கின பொருளை வெச்சுக்கிற மாதிரி வெச்சுக்கிட்டாங்க” என்றாள் அந்தப் பெண். அதற்கு அம்மா, நோய் தின்றது போக மிச்சமிருந்த தொண்டையால், “ம்… சொல்லும்மா” என்றாள்.

மகள் திரையை விலக்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டிலில் அம்மா மட்டும்தான் கிடந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் அவளுடைய போன் மல்லாந்து கிடந்தது. மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டில்வரை வந்திருந்தும் அறை என்னவோ இருட்டாகத்தான் இருந்தது.

மூலையில் துணி மடித்துக்கொண்டிருந்த நர்ஸ் எழுந்து வந்து மெதுவாக விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்குக் கண் போன பிறகு, போனில் வருகிற எழுத்தை, கூடவே வருகிற அழுகை, சிரிப்புப் பொம்மை முகங்களையும், படித்துச் சொல்லும் வசதியை அவள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறாள். அம்மா கேட்பது ஒன்றே ஒன்றுதான். தத்துப்பிள்ளைகள் எழுதும் ஓர் இணையக் குழு. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எல்லோருமே ‘பெயரிலி’. எத்தனை பேர் எழுதினாலும் போன் படிப்பது இந்த ஒரே குரலில்தான். கண் நன்றாக இருந்த காலத்திலிருந்தே அம்மா வருஷக்கணக்காக அதைப் படித்துவந்தாளாம்.

மகள், அம்மா பெற்ற பிள்ளை அல்ல, கைக்குழந்தையாக எடுத்து வளர்த்த பிள்ளை. அது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததாலேயே யாரும் பேசமாட்டார்கள். அவளும் பேசியதில்லை. அவள் பேசாததை அம்மா வெளியே எங்கேயோ போய்க் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“அம்மா” என்று கட்டிலருகே குனிந்தாள்.

அம்மா முகத்தைத் திருப்பினாள். “யாரு, புது நர்ஸாம்மா? உட்காருங்க. கொஞ்சம் சத்தம் போடாம உட்காருங்க. என் பொண்ணு பேசிட்டிருக்கா.”

அம்மா அவளிடம் ‘உட்காருங்க’ என்று மரியாதை போட்டுப் பேசியது இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

“அம்மா, நான்தாம்மா. நான்தான் உன் பொண்ணு.”

“பாவம், யாரோ சொல்லிக் குடுத்திருக்காங்க” என்று அம்மா மரியாதையாகச் சிரித்தாள். “வாரா வாரம் ஒருத்தி போன் பண்ணுவா. அவளும் இப்படித்தான் சொல்லுவா. சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா, சரி வெச்சிடறேன். ஏதோ கம்பெனிக்காரி போலிருக்கு. என் பொண்ணு அப்படியில்ல. மனசுல இருக்கிறதையெல்லாம் கொட்டுவா.”

இது சாதாரண ஆள் செய்கிற தப்பாக இருந்தால் திருத்திவிடலாம். அம்மா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராகக் காலம் தள்ளியவள். வெளியூர் கால் கேட்டு யார் பேசினாலும், ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலேயே ஆள் இன்னார் என்று சொல்லிவிடுவாள். முகம் ஏமாற்றும், குரல் ஏமாற்றாது என்பது அவள் கட்சி. அந்தக் காதுதான் இப்போது வலி மருந்தின் மயக்கத்தில் கணக்குப் போட்டிருக்கிறது. குரல் ஒன்று, ஆகவே ஆளும் ஒருத்தி. அத்தனை பெயரிலிகளின் அழுகையும் சாபமும் சேர்ந்து ஒரே மகளாகிவிட்டன. அசல் மகள் கம்பெனிக்காரி ஆகிவிட்டாள்.

மகள் போனை எடுத்து நிறுத்தினாள். அறை அமைதியானதுதான் தாமதம், அம்மாவின் கை போர்வையைத் துழாவியது. “கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாளா? நான் ஒண்ணும் சொல்லலியே…” என்று மூச்சு இரைக்க ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் ஓடிவந்து போனை வாங்கி மறுபடி ஓடவிட்டாள். “என்னைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள் என்று கேட்கத் தோன்றும்” என்றது குரல். அம்மா நிம்மதியாக, “கேளும்மா” என்றாள்.

மகள் கூடத்துக்கு வந்து நாற்காலியில் விழுந்தாள். எதிரே சித்தி உட்கார்ந்திருந்தாள். அம்மாவுக்கு நேர் இளையவள், வாயாடி, மனசு சுத்தம். காலையில் டாக்டர் வந்து, இன்றைக்குத் தாண்டுவது கஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து அழுது அழுது அவள் மூக்கு சிவந்திருந்தது.

“பெத்த மனம் பித்து” என்று தொடங்கிய சித்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள். “வளர்த்த மனம் பித்துடி” என்று திருத்தினாள். இந்தக் குடும்பத்தில் தாயைப் பற்றிய பழமொழி எல்லாமே பாதியில் இப்படித் தடுக்கி விழுந்துதான் எழும்.

சித்தி மேற்கொண்டும் பொரிந்து தள்ளினாள். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும், அழுத பிள்ளைதான் அங்கே போய் எழுதும். நன்றாக இருக்கிறவளுக்கு அங்கே என்ன வேலை? பத்து பேர் புலம்புவதைக் கேட்டு ஊரில் இருக்கிற தத்துப்பிள்ளை எல்லாம் நெஞ்சுக்குள் கத்தியோடு திரிகிறார்கள் என்று அக்கா நம்பிவிட்டாள். நான் படித்துப் படித்துச் சொன்னேன், கேட்டால்தானே. “அவ எதுவுமே சொல்ல மாட்டேங்கிறாளே, நான் யார்கிட்ட போய்க் கேட்பேன்” என்று அக்கா சொன்னாளாம்.

மகள் தன் போனில் அந்தக் குழுவைத் திறந்தாள். பொய்யாக இருக்கும் என்று நினைத்துத்தான் படித்தாள். பொய்யாக இல்லை. ‘பஸ்ஸில் எதிரே உட்காருகிறவர்களின் முகத்தில் என் மூக்கைத் தேடுவேன்’ என்று ஒரு பெயரிலி எழுதியிருந்தார். மகளுக்குப் பல் கட்டும் லேபில் வேலை. யாருக்கோ பல் செய்யும்போது, பக்கத்துப் பல்லின் நிறத்தோடு ஒத்துவைத்துப் பார்க்கும்போது, அவளும் அந்த முகத்தில் தன் மூக்கைத் தேடியிருக்கிறாள். இவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் இவ்வளவுதான் என்பது உண்மையில்லை. மிச்சத்தை எழுத யாரும் வரவில்லை, அவளும் வரவில்லை. உள்ளே அந்த மிச்சம் தெரியாமல் ஒருத்தி செத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. தன் வாயால் சொன்னால் அம்மா கேட்கப்போவதில்லை. அந்தக் குரலில் சொன்னால்தான் கேட்பாள். சரி, அந்தக் குரலுக்குள்ளேயே போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

உட்கார்ந்த இடத்திலேயே தட்டினாள். என் அம்மா தெய்வம், எனக்கு ஒரு குறையும் இல்லை, இன்னொரு பிறவி இருந்தாலும் இவளே அம்மாவாக வேண்டும் என்று. அனுப்பிவிட்டு அறைக்குள் ஓடினாள். தலையணைக்குப் பக்கத்திலிருந்த குரல் அதே நிதானத்தில், அதே மூச்சற்ற வேகத்தில், அவள் எழுதியதைச் சொல்லத் தொடங்கியது. தன் சொற்கள் தனக்கு வெளியே, பொம்மை வாயிலிருந்து வருவது போல் வந்ததும் அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

அம்மா நெற்றியைச் சுருக்கினாள். “இது அவ இல்ல.”

“அவதாம்மா” என்றாள் மகள்.

“இல்ல, இது வேற யாரோ. வாழ்த்து அட்டை படிக்கிற மாதிரி படிக்கிறா. எனக்குத் தெரியாதா?”

குழுவிலும் அதே கதைதான். அடுத்தடுத்துப் பதில்கள் வந்து விழ, குரல் வரிசையாக வாசித்தது. ‘இன்னும் தூக்கம் தெளியலையா தங்கச்சி?’ ‘எழுதினது வளர்த்த அம்மாவாத்தான் இருக்கும். சிரிக்கும் முகம்.’ அதைக் கேட்டு அம்மாவுக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. மகளுக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பெயர் தெரியாதவர்களும் நம்பவில்லை, பெயர் வைத்தவளும் நம்பவில்லை. யோசித்துப் பார்த்தால் அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை. தெய்வமாம். அம்மாவைப் போல எரிந்து விழுகிற தெய்வத்தை எந்த ஊரில் பார்ப்பது?

அம்மாவின் மூச்சு மாறியிருந்தது. இழுத்துவிட்டு, நின்று, யோசித்து, மறுபடி இழுத்தது. நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டு, சித்தியைக் கூப்பிடுவதுபோல் கண்ணைக் காட்டினாள்.

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து மகள் மறுபடி தட்டினாள். இந்தத் தடவை நிறுத்தி நிதானமாக எழுத நேரமில்லை. வந்ததை வந்தபடி எழுதி அனுப்பினாள்.

குரல் சொல்லத் தொடங்கியது.

“நான் உன் வயித்துல பிறக்கலைன்னு எனக்கு நீ சொல்லல. கூடப் படிச்சவ சொன்னா. கிளாஸே கேட்டுச்சு. அந்தக் கோபம் இன்னும் போகல, போகும்னும் தோணல. ரத்தம்னு யாராவது பேச்செடுத்தா நீ எழுந்து சமையலறைக்குப் போயிடுவே. நீ போறது எனக்கு அதைவிடக் கஷ்டமா இருக்கும்.”

அம்மா அசையவில்லை. காது மட்டும் கேட்பது தெரிந்தது. சித்தி வாசலில் வந்து திரையைப் பிடித்தபடி நின்றாள்.

“ராத்திரி டியூட்டி முடிஞ்சு விடியக்காலையில வருவே. விளக்குப் போட மாட்டே. நேரா வந்து என் மூக்குக்குக் கீழ விரல் வெச்சு மூச்சு வருதான்னு பார்ப்பே. எடுத்துட்டு வந்த பிள்ளை நிலைக்குமோ நிலைக்காதோன்னு உனக்கு பயம். நான் வளர்ந்து பெரியவளான பிறகும் வெச்சே. அப்பல்லாம் நான் தூங்கல. ஒரு நாளும் தூங்கினதில்ல. நீ வர்ற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்குவேன். உன் விரல் வரணும்னுதான் முழிச்சுக்கிட்டு இருப்பேன்.”

குரல் நின்றது. அடுத்ததாகப் படிக்க எதுவும் வரவில்லை.

அம்மாவின் உதடு அசைந்தது. எல்லோரும் குனிந்தார்கள்.

“தூங்கலையாடி நீ?”

மகள் முட்டி போட்டு நிமிர்ந்தாள்.

“திருடி” என்றாள் அம்மா. “நானும் சத்தம் வராம நடந்து நடந்து… விரல் நுனியில நடந்தேன்டி.” முகம் முழுவதும் அப்படி ஒரு சந்தோஷம். மகள் அதை எத்தனையோ வருஷமாகப் பார்க்கவில்லை.

அம்மாவின் வலது கை போர்வைக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்தது. ஆனால் அது மகள் பக்கம் வரவில்லை, போன் பக்கம் போனது. ஆள்காட்டி விரல் கண்ணாடியின் மேல் ஊர்ந்து, எதையோ தேடி, கிடைக்காமல் மேலும் கீழும் அலைந்தது. “எங்க…” என்றாள் அம்மா.

மகள் போனைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில், தலையணைமேல், தன் முகத்தைச் சாய்த்து வைத்தாள். விரல் அவள் உதட்டில் பட்டு, மேலே ஏறி, மூக்கின் அடியில் நின்றது. மகள் கண்ணை மூடிக்கொண்டு மூச்சு விட்டாள். பழைய பழக்கம், தூங்குகிற பிள்ளை போல ஒரே சீராக விட்டாள்.

“இருக்கா” என்றாள் அம்மா, தனக்குத்தானே.

அதற்கப்புறம் அவள் எதுவும் சொல்லவில்லை. இழுத்த மூச்சு ஒன்று நின்றது. திரும்ப வருமென்று எல்லோரும் காத்திருந்தார்கள், வரவில்லை. நர்ஸ் மறு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்துவிட்டு, மெதுவாகக் கீழே வைத்தாள். வாசலில் சித்தி “அக்கா” என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத் திரையிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

அப்போதுதான் கட்டிலின் ஓரத்திலிருந்து குரல் மறுபடி பேசியது.

“நானும் தூங்கினதில்ல.”

சித்தி திடுக்கிட்டு நிமிர்ந்தாள். சிறிது நேரம் போனது.

“இங்கே சேர்ந்து ஆறு வருஷம் ஆச்சு. ஒரு வரிகூட எழுதினதில்ல. எங்க அம்மா போர்வையை இழுத்து விடுவாங்க. நானும் முழிச்சிட்டுத்தான் இருப்பேன்.”

“நானும்.”

“எங்க வீட்ல அப்பா. நானும்தான்.”

நர்ஸ் போனை நோக்கிக் கையை நீட்டி, “நிறுத்திடவாம்மா?” என்று கேட்டாள். மகள் தலையசைக்கவில்லை. அசைத்தால் விரல் நழுவிவிடும்.

“நானும்” என்றது அதே குரல். சற்று விட்டு, வேறு யாருக்காகவோ, மறுபடியும், “நானும்.”

விரல் குளிரத் தொடங்கியிருந்தது. அதற்குக் கீழே அவள் சீராக மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தாள்.