அரிசி கொடுத்த பிள்ளையைப் பெயிலாக்கியவள்

என் தம்பி றவூப் முறைப்பாடாகப் பெட்டிசம் எழுதியது எனக்கெதிராக அல்ல. எங்கள் துறையின் இளம் விரிவுரையாளர் நல்லரெத்தினத்துக்கு எதிராக. எனக்கெதிராக எழுதியிருந்தால் வாசித்துவிட்டு மேசையில் போட்டிருப்பேன்.

ஏழைக்கு அரிசி கொடுத்த ஒரு முஸ்லிம் மாணவியைத் தமிழ் விரிவுரையாளர் ஒருவர் இனத்துவேஷத்தால் பெயிலாக்கிவிட்டார் என்று அதில் எழுதியிருந்தது. மாணவியின் பெயர் பஸ்மினா. றவூபின் மகள், என் மருமகள். அந்தத் துறையின் தலைவர் நான்.

நான் முனவ்வறா. கொழும்பில் ஒரு கல்லூரியில் தொடங்கி, பிறகு ஊருக்குக் கிட்டவே பல்கலைக்கழகத்துக்கு வந்து, என் வயதில் பாதியைச் சமூகப்பணி படிப்பிப்பதிலேயே கழித்திருக்கிறேன். அது என்ன பாடம் என்று எங்கள் கல்முனைக்கு இன்னும் விளங்கவில்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் ஒருவர் சக்கர நாற்காலி கேட்பார், இன்னொருவர் வடிகான் அடைத்துக் கிடப்பதைச் சொல்லுவார். நான் மாநகர சபை உறுப்பினர் இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் தலை நரைத்தது.

எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண்ணின் வீட்டுக்கு வருவான். பெண்ணுக்கு வீடு கட்டுவது வாப்பாவின் கடமை, வாப்பா இல்லாவிட்டால் சகோதரர்களின் கடமை. எங்கள் வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டார். என்னைவிட இளையவனான றவூப் மீசை அரும்பிய வயதில் சவூதிக்குப் போய் லொறி ஓட்டினான். என் வீடு எழும்பி, ஓடு போட்டு, நான் கல்யாணம் முடித்த பிறகுதான் அவன் தன் கல்யாணத்தைப் பற்றி யோசித்தான். இந்தியாவுக்குப் போய் நான் முதுமாணி படித்ததும் அவன் உழைப்பில்தான். இதை மறைக்க எனக்கு ஒரு தேவையும் இல்லை. என் தம்பி தாராளமான கைக்காரன். ஊருக்குத் திரும்பி, பஸாரில் துணிக்கடை போட்டு, கடை பெருத்த பிறகு அந்தக் கையோடு ஒரு கமராவும் சேர்ந்து வரத் தொடங்கியது. அவ்வளவுதான்.

பஸ்மினா எங்கள் துறையில் சேர்ந்த அன்றே, அவளுக்கு நான் புள்ளி போடுவதில்லை என்று பீடாதிபதியிடம் சொல்லிவிட்டேன். அவளுடைய களப்பயிற்சிக்கு நல்லரெத்தினம் பொறுப்பு. பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பைச் சேர்ந்தவர். நியமனம் இன்னும் நிரந்தரமாகவில்லை.

களப்பயிற்சி என்றால், மாணவி ஒரு குடும்பத்துக்கு வாரந்தோறும் போய்வர வேண்டும். போய் இருந்து கேட்க வேண்டும். அவர்கள் செய்ய நினைப்பதற்குத் துணை நிற்க வேண்டும். கேட்டதை அந்த வாசலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. பஸ்மினாவுக்குக் கிடைத்தது ஒரு பெண்ணும் அவளுடைய பிள்ளைகளும். அந்தப் பெண்ணின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஊரையும் எழுதமாட்டேன். புருஷன் விட்டுப் போனவள், இல்லாமையை அடுத்த வீட்டுக்குக்கூடக் காட்டாதவள் என்பது போதும். காதி நீதிமன்றத்தில் புருஷனிடம் தாபரிப்புச் செலவு கேட்டிருந்தாள். அந்த வழக்குக்கு அவளோடு கூடப் போய்வருவதுதான் என் மருமகளின் வேலை.

பிள்ளை வீட்டில் போய் வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்த கையோடு, றவூபின் கடை லொறி அந்தப் பெண் வீட்டு ஒழுங்கைக்குள் போய் நின்றது. அரிசி மூட்டை, பருப்பு, பால்மா, எண்ணெய். முன்னால் ஒரு பெனர், அதில் கடையின் பெயரும் றவூபின் முகமும். பஸ்மினாவின் குரல் கேட்டுத்தான் அந்தப் பெண் கதவைத் திறந்தாள். அஸர் தொழுகைக்கு முன் படம் பேஸ்புக்கில் வந்துவிட்டது. படத்தில் அவளுடைய ஒரு கை மூட்டையைப் பிடித்திருந்தது. மற்றக் கை துப்பட்டாவை முகத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது. இழுத்து முடிவதற்குள் எடுத்துவிட்டார்கள்.

வழக்கின் அடுத்த தவணையில் புருஷன் காதியாரின் முன்னால் போனை நீட்டினான். "இவக்குச் சோறு போட ஊருல பெரிய ஆக்கள் இரிக்காங்க. நான் என்னத்துக்கு?" என்றான். அதன் பிறகு பஸ்மினா போனபோது அந்த வீட்டுக் கேற் திறக்கப்படவில்லை.

நல்லரெத்தினம் என் அறைக்கு வந்து கதிரையின் நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், உங்கட மருமகள்ர களப்பயிற்சி பெயில். புள்ளி போட்டுட்டன். ஆனா உங்களிட்டச் சொல்லாம அனுப்ப மனம் வரல்ல."

"சொல்லிட்டீங்கதானே. அனுப்புங்க."

"அதில்ல. பிள்ளை வேணுமெண்டு செய்யல்ல, வாப்பா செய்த வேல. இன்னொரு சின்னக் கட்டுரை எழுத வெச்சி, எப்பிடியாவது கரையேத்தி விடலாம் எண்டு பாக்கிறன்."

"வேற ஒரு பிள்ளை இதச் செய்திருந்தா கரையேத்துவீங்களா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். நேர்மையான மனிதர், பொய் சொல்லத் தெரியாது. "இல்ல மேடம்."

"அப்ப என்னை ஏன் அவமானப்படுத்துறீங்க?"

"அவமானமா? நான் உங்களுக்குள்ள மரியாதைக்குத்தான்."

"என்ட குடும்பத்துக்குத் தனியா ஒரு அளவுகோல் வெச்சிக்கிட்டு மரியாதை எண்டு சொல்லாதீங்க. பெயில் பெயில்தான்."

பெறுபேற்றில் துறைத்தலைவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் கையெழுத்திட்டேன்.

மறுநாள் பின்னேரம் றவூப் வந்தான். பின்னால் பஸ்மினா. அவன் உட்காரவில்லை.

"இது என்ன கத ராத்தா? அரிசி குடுத்தாப் பெயிலாம். ஒலகத்துல எங்கயாவது இரிக்கா? ஒங்கட பாடத்துக்குப் பேரே சமூக சேவதானே."

"சமூகப்பணி."

"ரெண்டும் ஒண்டுதான்."

"அப்ப ஒன்ட கடையில சாரனையும் சாறியையும் ஒரே தட்டுல அடுக்கு. ரெண்டும் துணிதானே."

"பகிடி விடாதீங்க. அந்த மனுசி வேணாமெண்டு செல்லல்லயே. கை நீட்டித்தானே வாங்கினா."

"படம் எடுக்கச் சொன்னாளா?"

"படம் எடுக்காட்டி ஆருக்குத் தெரியும்?"

தான் சொன்னது அவனுக்கே கேட்கவில்லை. பஸ்மினாவுக்குக் கேட்டது. தலையைக் குனிந்துகொண்டாள்.

"மாப்பிள்ள வீட்டார் டிகிரி முடிச்ச புள்ள எண்டு கேட்டு வந்திரிக்காங்க," என்றான் றவூப். "இன்னம் ஒரு வருசம் எண்டா நிப்பாங்களா?"

"நிக்காட்டிப் போகட்டும்."

"ஒங்களுக்கு லேசு. செல்லிட்டு இரிக்கலாம்." அவன் நடந்துபோய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தான். "இந்தச் சுவரத் தொட்டுப் பாருங்க ராத்தா. இது ஆர்ட வேர்வ? நான் கட்டின வீட்டுக்குள்ள இரிந்துகிட்டு என்ட மகள்ர படிப்ப முறிக்கிறீங்க."

இத்தனை வருடத்தில் அவன் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. சொன்னதும் அவனுக்கே நாக்குக் கூசியிருக்க வேண்டும், கையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டான்.

"ஒன்ட வேர்வதான்," என்றேன். "நான் எப்பவாவது இல்லெண்டு சொன்னேனா? வீட்டத் திருப்பிக் கேளு, நாளைக்கே எழுதித் தாறன். புள்ளி கேக்காத."

பஸ்மினா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாமி, நான் வாப்பாட்டச் சொன்னது அவக்கு உதவி செய்யத்தான்."

"தெரியும்."

"அப்ப ஏன் பெயில்?"

"சொன்னதுக்குத்தான் பெயில்."

தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. இருவரும் குடிக்காமலே போனார்கள். அடுத்த கிழமை பெட்டிசம் வந்தது.

பீடாதிபதி சத்தம் சச்சரவு பிடிக்காத மனிதர். பெட்டிசத்துக்குத் துணைநின்ற பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினரைத் தன் அறைக்கே அழைத்தார். "நீங்க நெருங்கின சொந்தம், வராட்டியும் பரவாயில்ல," என்று என்னிடம் சொன்னார். நான் எல்லாருக்கும் முதலில் போய் உட்கார்ந்தேன். நல்லரெத்தினத்தை வெளியே மர வாங்கில் காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கூடாக அவருடைய முதுகு தெரிந்தது.

நான்கு பேர் வந்தார்கள். முன்னால் முகம்மது தம்பி மரைக்கார், கடைசியில் றவூப். எங்கள் பள்ளிவாசலில் குடிக்கு ஒரு மரைக்கார் உண்டு. குடி என்பது தாய்வழியில் வரும் வம்சம். பஸ்மினா அவளுடைய உம்மாவின் குடி. றவூபும் நானும் எங்கள் உம்மாவின் குடி, அந்தக் குடிக்கு மரைக்கார் முகம்மது தம்பி. எங்கள் குடியில் ஒருவருக்கு இழுக்கு வந்தால் சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார். "டீன் சேர், நாங்க பிரச்சினைக்கு வரல்ல. ஒரு கேள்வி மட்டும். இதே அரிசிய ஒரு தமிழ்ப் பிள்ள குடுத்திருந்தா இந்த மாஸ்டர் பெயிலாக்குவாரா? இது இனத்துவேஷம் இல்லாம என்ன?"

பீடாதிபதி என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தார். ஒரு விசாரணைக் குழு போடலாம், பெறுபேற்றை அதுவரை நிறுத்தி வைக்கலாம் என்று அவர் சொல்லப்போகிறார் என்பது எனக்குத் தெரிந்தது. நிறுத்தி வைத்தால் எல்லாம் முடிந்தது. பிள்ளை பாஸ். நல்லரெத்தினத்தின் பெயரில் மட்டும் அந்தக் கறை நிற்கும்.

"மரைக்கார்," என்றேன். "நல்லரெத்தினம் அந்தப் பிள்ளையக் கரையேத்தத்தான் என்னட்ட வந்தவர். நான்தான் விடல்ல."

றவூப் நிமிர்ந்தான். இதை அவன் அறிந்திருக்கவில்லை.

"அதனால பெட்டிசத்தத் திருத்துங்க. அவர்ர பேர வெட்டிட்டு என்ட பேரப் போடுங்க. இன்ன குடி, இன்னார்ர மகள் முனவ்வறா எண்டு முழுசாப் போடுங்க. இனத்துவேஷம் எண்டதை வெட்ட வேணாம், அப்பிடியே இரிக்கட்டும். ஒரு முஸ்லிம் பொம்புள சொந்தத் தம்பிர மகள இனத்துவேஷத்தில பெயிலாக்கினா எண்டு உபவேந்தர் வாசிக்கட்டும்."

பீடாதிபதிக்கு இருமல் வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

மரைக்காருக்குப் பக்கத்தில் இருந்தவர் விடவில்லை. "ஏன் இவ்வளவு கத? அந்தப் பொம்புளயக் கூட்டி வந்து கேட்டாச் சரிதானே, சந்தோசமா வாங்கினாவா இல்லயா எண்டு. எனக்கு ஆளத் தெரியும். அவ நம்மட..."

"நிப்பாட்டுங்க."

நான் சத்தம் போடவில்லை. வகுப்பில் பின்வரிசைக்குக் கேட்கும் குரல்தான். அவர் வாய் திறந்தபடி நின்றது.

"அந்தப் பேர் இந்த அறைக்குள்ள வராது. ஒருக்கா வாசலுக்கு இழுத்துப் படம் எடுத்தது போதும். இனிச் சாட்சிக்கும் இழுக்கப் போறீங்களா? ஒங்கட வீட்டுப் பொம்புளைகள்ற முகம் அப்பிடிப் போட்டோவில வந்தா எத்தின பெட்டிசம் எழுதுவீங்க?"

நான் என் பேனையை எடுத்து மரைக்காரின் பக்கம் தள்ளினேன். அவர் அதைத் தொடவில்லை.

"எங்கட குடிப் பொம்புளட பேர நான் எப்பிடிப் பெட்டிசத்துல எழுதுற?" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு திரும்பினார். "றவூப், நீ செல்லு. ராத்தாட பேரப் போடவா?"

றவூபின் முகம் கறுத்திருந்தது. நான் அவன் கண்ணையே பார்த்தேன். அவனுடைய மானத்தைப் பிடித்துத்தான் அவனை மடக்கினேன். எங்கள் வாப்பாவின் பிள்ளைகளை மடக்க வேறு பிடி கிடையாது. அவன் என்னிடமும் அதைத்தான் முயன்று பார்த்தான். நான் மடங்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

"ராத்தாட பேர் வரக்கூடாது," என்றான். எழுந்தான். "பெட்டிசமே வேணாம். கிழிச்சிப் போடுங்க."

கதவில் கையை வைத்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னான்: "இனி ஒங்கட வாசல் மிதிக்க மாட்டன்."

"வாசல் திறந்துதான் இரிக்கும்," என்றேன். "படத்த அழி."

வெளியே வந்தபோது நல்லரெத்தினம் எழுந்து நின்றார். "என்ன மேடம் நடந்த?"

"ஒண்டுமில்ல. ரெண்டாம் வருசத்துக்கு உங்கட விரிவுரை இருக்கு, பிள்ளைகள் காத்துக்கொண்டிருக்கும். போங்க."

அன்று பின்னேரம் படம் போய்விட்டது. பஸ்மினாதான் அழித்திருக்கிறாள், றவூபுக்கு அந்த வேலை தெரியாது. அவள் களப்பயிற்சியைத் திரும்பச் செய்கிறாள். வேறு ஊர், வேறு குடும்பம், அதே நல்லரெத்தினம். துறையின் நடையில் என்னைக் கண்டால் ஸலாம் சொல்வாள், வேறு ஒன்றும் சொல்லமாட்டாள். ஒரு நாள் மட்டும் அறைக்கு வந்து, அந்தப் பெண்ணிடம் போய் மாப்புக் கேட்கட்டுமா என்று கேட்டாள்.

"மாப்புக் கேக்கப் போறதும் அவட வாசலுக்குப் போறதுதான். அவ கூப்பிடட்டும்."

இன்னும் கூப்பிடவில்லை. நானாக இருந்தாலும் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்கிறார்கள் என்று கேள்வி. காத்திராவிட்டாலும் அந்தக் கையெழுத்து அங்கேதான் இருந்திருக்கும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பலிகொடுத்த உழ்ஹிய்யா இறைச்சியில் என் பங்கு வந்தது, கடைப் பையன் கொண்டுவந்தான். றவூப் வரவில்லை. என் கையால் செய்த வட்டிலப்பம் என்றால் அவனுக்கு உயிர். ஒரு சட்டி அவித்து அதே பையனிடம் கொடுத்தனுப்பினேன். சட்டி வெறுமையாகத் திரும்பி வந்தது. அவன் வரும்வரை நான் கூப்பிடப்போவதில்லை. வந்தால், ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்கவும் மாட்டேன்.

அந்தப் பெண்ணின் வழக்கு என்னவாயிற்று என்று பலர் கேட்கிறார்கள். அது அவளுடைய விஷயம்.

போன கிழமை கல்முனைச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு, சுற்றி நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

"நீங்கதானே டீச்சர், அரிசி குடுத்த புள்ளயப் பெயிலாக்கின?"

மீன்காரரின் கத்திகூட நின்றது.

"ஓம்," என்றேன். "நான்தான்."