கத்தரிப்பூ அறை

பினாங்கிலிருந்து என் வீட்டுக்காரர் தாஜுதீன் எழுதிய கடிதத்தில் ஒரு வரி: "இங்கே என் அறைக்குக் கத்தரிப்பூ நிறம் அடித்திருக்கிறார்கள். கண்ணுக்குக் குளிர்ச்சி. நம் அறைக்கும் அப்படியே அடித்து வை." இரண்டு வருஷம் கழித்து வருகிறவர் கேட்டது இது ஒன்றுதான். அதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன பெண்டாட்டி?

பாலக்கரையில் எங்கள் தெருவுக்கே வெள்ளையடிப்பவர் காத்தான். சுண்ணாம்பில் நீலமும் காவியும் கலக்க வேண்டும் என்றார். காவி என்றால் மண். மண்ணைக் கரைத்து என் அறையில் பூசுவதா?

"மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தா செவப்பாகுதுல்ல? அதுல நீலத்தைப் போடுங்க," என்றேன்.

"மஞ்சள் நிக்காதுங்கம்மா."

"நான் பார்க்காத மஞ்சளா?"

காத்தான் மஞ்சளைக் கொண்டுவந்து கொட்டினார். வாளியில் கலக்கியதும் பூவேதான். பளிச்சென்று அடிக்காமல், லேசாகப் பால் விட்டது மாதிரி ஒரு கத்தரிப்பூ. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் சுவர் காய்ந்தது. காயக் காயச் சிவப்பு இறங்கி மஞ்சள் தலைகாட்டியது. நீலத்தோடு மஞ்சள் சேர்ந்தால் என்ன ஆகும்? நாலு சுவரும் பாசி பிடித்த குளம் மாதிரி பச்சை.

மாமியார் கமர் ஜஹான் எட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ், பச்சை பரக்கத்தான கலரு, வீட்டுக்கு நல்லது. இருக்கட்டும்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. மறுநாள் மத்தியான ரயிலில் அவர் மகன் வருகிறார்.

காத்தான் தாடையைச் சொறிந்தார். "கொழம்புக் கறை பட்ட துணி சவுக்காரம் பட்டா செவக்குதில்லீங்களா? அது மாதிரி புதுச் சுண்ணாம்புத் தண்ணி அடிச்சுப் பார்ப்போம். ரெண்டு மூணு நாள் தாங்கும்."

விடிந்ததும் அடித்தார். சுவர் மறுபடி பூத்தது.

வீட்டுக்காரர் வந்தார், சுற்றிப் பார்த்தார். "எழுதுனபடியே செஞ்சிட்டியே சுராயா," என்று சுவரில் சாய்ந்தார். ஈரச் சுவர். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்கக் கத்தரிப்பூ. நான் சிரித்த சிரிப்பில் மாமியார் ஓடி வந்துவிட்டார்.

நாலாம் நாள் மூலையில் பச்சை எட்டிப் பார்த்தது. இனி ஒளிக்க வழியில்லை. எல்லாவற்றையும் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "அங்க ஒரு மாசம் காய்ச்சல்ல கிடந்தேன். பார்க்கறதுக்கு அந்தச் செவுரை விட்டா ஒண்ணுமில்ல. அதான் எழுதினேன். இங்க நீ இருக்கே, செவுரை யாரு பார்த்தா?"

காய்ச்சல் என்று ஒரு கடிதத்திலும் அவர் எழுதியதில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றாக அழுதேன்.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு காத்தானுக்கு ஆள் அனுப்பினேன், காவியோடு வரச் சொல்லி. வீட்டுக்காரர் சுவரைப் பார்க்காவிட்டால் என்ன, நான் பார்க்க வேண்டுமே.