இடிக்கையன் செத்தானா?

எங்கள் தீவைக் காக்கும் சாந்தா ரீத்தா மேல் ஆணை, வாயில் மிச்சமிருக்கும் பற்கள் மேல் ஆணை, இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. பொய் சொல்லும் வயதைத் தாண்டிவிட்டேன். அதைக் கேட்டுச் சிரிக்க இருந்த ஒரே ஆளும் கப்பல் ஏறிவிட்டான்.

படம் பார்ப்பதில் எங்கள் ஊர் முறை இது. வேலை எப்போது முடிகிறதோ அப்போது தியேட்டருக்குள் நுழைவோம். பாதிப் படம் ஓடியிருந்தால் என்ன, முடிவைப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த காட்சி முதலிலிருந்து தொடங்கும். நாம் நுழைந்த இடம் வந்ததும் எழுந்து போய்விடலாம். மணிலாவில் இப்போது எண் போட்ட நாற்காலியாம், நேரத்துக்குக் கதவைச் சாத்துகிறார்களாம். எங்கள் தியேட்டரில் அந்த அநியாயம் கிடையாது. எங்கள் கூரையில் ஒரு ஓட்டைகூட உண்டு. திரையில் மழை பெய்தால் மட்டும் ஒழுகும்.

புலோய் மூன்று சக்கர வண்டி ஓட்டுபவன். அவன் மகள் மரிவிக்குக்கு நான் ஞானத்தந்தை. அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் 'பரே' என்று கூப்பிட்டுக்கொள்வோம். அசுரர்களை அடித்து உலகத்தைக் காப்பாற்றும் இடிக்கையனின் படங்களை எட்டாம் பாகம் வரை பக்கத்துப் பக்கத்து நாற்காலியில்தான் பார்த்தோம். முப்பரிமாணப் படம் வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது ஒரே கண்ணாடி. அதை நடுவில் உடைத்து, சிவப்பு அவனுக்கு, நீலம் எனக்கு என்று பிரித்துக்கொண்டோம். அவனுக்கு அசுரன் மட்டும் தெரிந்தான், எனக்கு இடிக்கையன் மட்டும். யார் யாரை அடிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே படத்தை முடித்தோம்.

எட்டாம் பாகத்தன்று எனக்கு வேலை இல்லாததால் முதலிலிருந்தே போய் உட்கார்ந்தேன். புலோய் படகில் வந்தவர்களை வீடு சேர்த்துவிட்டுப் பாதியில் வந்தான். முடிவில் இடிக்கையன் சூரியனுக்குள் விழுந்தான். நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போய்விட்டேன். புலோய் அடுத்த காட்சிக்கும் உட்கார்ந்து, விட்ட பாதியைப் பார்த்துவிட்டு வந்தான்.

காலையில் ஆலிங் பேசிங்கின் காப்பிக் கடைக்குக் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன்.

"யாரு பரே செத்தது?" என்றான் புலோய்.

"இடிக்கையன்தான். ஒன் கண்ணு முன்னாலதானய்யா விழுந்தான்!"

"அது அப்ப. நான் எந்திரிச்சு வர்றப்ப அவங்கம்மாகூட ஒக்காந்து காப்பி குடிச்சுக்கிட்டிருந்தான். நல்லா ஒடம்பு போட்டுட்டான்."

"யோவ், அது மொதப் பாதிய்யா!"

"எனக்கு அதுதான் கடைசி. அவனக் கடைசியா உயிரோட பாத்தவன் நான். அழுதுக்கிட்டு ஓடுனவன் பேச்சு எடுபடுமா?"

ஆலிங் பேசிங் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே, "போலீஸ்லகூடக் கடைசியாப் பாத்தவனத்தான் கேப்பாங்க" என்று தீர்ப்புச் சொன்னாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எங்கள் வழக்கப்படி இடிக்கையனுக்கு ஒன்பது நாள் ஜெபம் வைத்தேன். பாதி ஊர் வந்தது. பாதிரியார் பெயர் கேட்டார். ஞானஸ்நானப் பெயர் தெரியாததால் 'இடிக்கையன் ஹொசே' என்று சொல்லி வைத்தேன். கடைசி நாள் புலோய் வந்தான். ஜெபத்தில் வாய் திறக்கவில்லை. பான்சித் நூடுல்ஸ் இரண்டு தட்டு சாப்பிட்டான். கையைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "உயிரோட இருக்கறவனுக்குக் கருமாதி வக்கிறான் பாருங்க, வெளங்குமா இவன் வீடு?" என்றான்.

அதோடு பேச்சு நின்றது. கனடாவில் வேலை பார்த்த மரிவிக் அந்த வருஷமே அவனை அங்கே அழைத்துக்கொண்டாள். அவன் கிளம்பிய அன்று நான் துறைமுகத்தில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். துறைமுகத்தில் மீன் விற்பதில்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டிருந்தேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பிறகு எனக்கு அபிப்பிராயங்கள் பெருகிவிட்டன. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை. அண்டத்தின் மறுகோடியிலிருந்து படையெடுத்து வருகிற அசுரன் ஏன் எப்போதும் அதே பட்டணத்தை இடிக்கிறான்? எங்கள் பக்கம் யாரும் அழைக்காமலே புயல் வருகிறது. இடிக்கையன் ஒரு தடவை வந்து கூரைத் தகட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கலாம். எதிர்காலத்தில் யாரும் சோறு சாப்பிடுவதாகத் தெரியவில்லை. அதனால்தான் அங்கே எல்லோரும் கோபமாக இருக்கிறார்கள். இதையெல்லாம் என் கோழியிடம் சொன்னேன். அது எதற்கும் மறுப்புச் சொல்வதில்லை. மறுப்புச் சொல்லாத ஆளோடு எவ்வளவு நேரம் படம் பேச முடியும்? புலோய் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, "ஒனக்கு என்னய்யா தெரியும்" என்று ஒரு தடவை சொன்னால் போதும் என்றிருந்தது.

ஒன்பதாம் பாகம், அதுதான் கடைசிப் பாகம், வந்தது. படம் தொடங்கியதுமே சூரியன் இடிக்கையனைத் துப்பிவிட்டது. புலோய் சொன்னதுதான் சரி. கோழியிடம்கூட நான் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் கைபேசி அடித்தது. திரையில் கம்பளிக் குல்லாவுக்குள் புலோயின் முகம்.

"பரே, கடைசிப் பாகம் பாத்தியா?"

"ம்."

"இங்க நடுவுல உள்ள விட மாட்டேங்கறான். மொதல்லேருந்துதான் பாக்கணுமாம். முடிஞ்சதும் வெளக்கமாத்தோட வந்து எந்திரிங்கறான். இன்னொரு காட்சி இருக்கறேன்னு சொன்னேன். மரிவிக் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துட்டா." கொஞ்ச நேரம் குல்லாவைச் சரிசெய்தான். "அவன் செத்துட்டான் பரே. இந்தத் தடவ குழியில வச்சு மூடிட்டாங்க. நீ அன்னிக்கே சொன்ன. நீ சொன்னதுதான்."

இந்த வார்த்தைக்காக நான் எத்தனையோ நாள் காத்திருந்தேன். வந்தபோது வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை.

"யாரு செத்தா? ஒனக்கு என்னய்யா தெரியும்" என்றேன். "நான் நடுவுலதான் உள்ள போனேன். கடைசியா நான் எந்திரிச்சு வர்றப்ப, சூரியன்லேருந்து வந்து குளிச்சிட்டு, சோறு சாப்பிட்டுக்கிட்டிருந்தான்."

"சோறா?"

"சோறுதான். தொட்டுக்கக் கருவாடு."

"ஒடம்பு போட்டுட்டானா?"

"சட்ட பத்தல."

அவன் சிரித்தானா மூக்கை உறிஞ்சினானா என்று தெரியவில்லை. அங்கே குளிர் அதிகம்.

"பக்கத்து சீட்ல இப்ப யாரு ஒக்கார்றா?"

"யாரையும் விடல. துண்டு போட்டு வச்சிருக்கேன்."

"அப்ப சரி" என்று வைத்துவிட்டான்.

சாந்தா ரீத்தா மேல் ஆணை, இதுவும் பொய் இல்லை: எங்கள் தீவில் தியேட்டர் கிடையாது, ஒருநாளும் இருந்ததில்லை.